வீட்டில் இரண்டு ரவுட்டர்: சண்டை இல்லாமல் ஓட வைக்கும் வழி

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் ஹாலில் ஒரு மோடத்தை மாட்டிவிட்டுப் போகிறார். அதன் வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு எட்டுவதில்லை. அதனால் நாமே இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து ஒரு கேபிள் இழுத்து மாடியில் செருகுகிறோம். நெட் வந்துவிடும். வேலை முடிந்தது என்றுதான் தோன்றும்.

தொல்லை அதற்கப்புறம் மெல்லத் தலைகாட்டும். மாடி லேப்டாப்புக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தெரியாது. மொபைலில் இருந்து டிவிக்குப் படம் போடலாம் என்று பார்த்தால், பட்டியலில் டிவியே இருக்காது. ஒருவர் மொபைலில் நெட் பறக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 'இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை' என்று வரும். மறுநாள் காலையில் அவருக்கு வரும், இவருக்கு வராது.

எங்கள் வீட்டில் இது மாதக்கணக்கில் நடந்தது. இணைப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள். ரவுட்டர் விற்றவர் பெட்டியில் கோளாறு இல்லை என்றார். இருவர் சொன்னதும் உண்மைதான். கோளாறு இரண்டு பெட்டிகளும் சேரும் இடத்தில் இருந்தது. அந்த இடம் யாருடைய பொறுப்பிலும் வருவதில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரவுட்டர் என்று விற்கப்படும் பெட்டிக்குள்ளும், நிறுவனம் மாட்டிய மோடத்துக்குள்ளும் மூன்று வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. வீட்டில் உள்ள ஒவ்வொரு மொபைலுக்கும் டிவிக்கும் ஓர் ஐபி முகவரி கொடுப்பது முதல் வேலை. இதை டிஎச்சிபி என்பார்கள். அத்தனை முகவரிகளையும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகக் காட்டி அனுப்புவது இரண்டாவது, அது நாட். வைஃபை வீசுவது மூன்றாவது. வைஃபையை எத்தனை பெட்டிகள் வேண்டுமானாலும் வீசலாம். முதல் இரண்டு வேலைகளை வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

1. உங்கள் சிக்கல் எந்த வகை என்று பாருங்கள்

மொபைலில் வைஃபை செட்டிங்ஸுக்குப் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொடுங்கள். 'ஐபி முகவரி', 'கேட்வே' என்று இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் மொபைல் எந்தப் பெட்டி வழியாக வெளியே போகிறதோ, அதன் முகவரிதான் கேட்வே. ஐபோனில் கேட்வேயின் பெயர் 'ரவுட்டர்'. கீழே உள்ள வைஃபையில் ஒரு முறை, மாடி வைஃபையில் ஒரு முறை இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவர் மொபைலிலும் பார்த்துவிடுங்கள்.

கீழே 192.168.1.5, மாடியில் 192.168.0.103 என்பது போல முதல் மூன்று பகுதிகள் வேறுபட்டால் உங்கள் வீட்டில் இருப்பது டபுள் நாட், அதாவது நாட் வேலையை இரண்டு பெட்டிகளும் செய்கின்றன. மாடி ரவுட்டர் தனக்குக் கீழே தனியாக ஒரு குட்டி நெட்வொர்க் நடத்துகிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால், மாடி வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் கேட்வே எண்ணை அடியுங்கள்; மாடி ரவுட்டரின் பக்கம் திறக்கும். அதில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் முகவரியைப் பாருங்கள். அதுவும் 192.168 என்று தொடங்கினால் சந்தேகமே இல்லை.

முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருந்து, கேட்வே மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருந்தால் இரண்டு டிஎச்சிபி ஓடுகிறது. ஒரே தெருவில் இரண்டு பேர் தனித்தனியாகக் கதவு எண் ஒட்டிக்கொண்டு போவது போன்ற நிலைமை இது. எந்தப் பெட்டி முதலில் பதில் சொல்கிறதோ அது கொடுத்த முகவரியை மொபைல் வாங்கிக்கொள்ளும். சரியான பெட்டி கொடுத்தால் நெட் வரும். மற்றது கொடுத்தால் வராது. முகவரிக்குக் காலக்கெடு உண்டு. சில பெட்டிகளில் அது 2 மணி நேரம், பலவற்றில் 24 மணி நேரம். கெடு முடிந்தோ, வெளியே போய்த் திரும்பியோ மொபைல் மறுபடி முகவரி கேட்கும்போது அதிர்ஷ்டம் மாறும். நேற்று வந்தது இன்று வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

மாடி ரவுட்டரில் நெட்டே வரவில்லை, ஆனால் கேபிளும் விளக்கும் சரியாக இருக்கின்றன என்றால் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே முகவரியா என்று பாருங்கள். பல நிறுவனங்களின் பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே 192.168.1.1 என்றுதான் வருகின்றன. டிபி-லிங்க், டி-லிங்க் பெட்டிகளில் பெரும்பாலும் 192.168.0.1. ஜியோ ஃபைபர் பெட்டியில் 192.168.29.1. வெளிப்பக்கமும் உட்பக்கமும் ஒரே 192.168.1 என்று இருந்தால் ரவுட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாது. புதிய மாடல்கள் இதைக் கண்டுபிடித்துத் தாங்களே முகவரியை மாற்றிக்கொள்ளும். பழையவை அப்படியே நின்றுவிடும்.

லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் யாருமே முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். கேபிளைப் பாருங்கள், அல்லது இரண்டு பெட்டிகளிலும் டிஎச்சிபி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா மொபைலிலும் கேட்வே ஒன்றுதான், முகவரியின் முதல் மூன்று பகுதிகளும் ஒன்றுதான் என்றால் உங்கள் இணைப்பு ஏற்கெனவே சரி. நேராகப் படி 6-க்குப் போங்கள். உங்கள் தொல்லை வைஃபை அலையிலோ கேபிளிலோ இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டபுள் நாட் இருந்தாலே கெடுதல் என்று சிலர் பயமுறுத்துவார்கள். வீடியோ பார்ப்பது, வாட்ஸ்அப், பள்ளி வகுப்பு, பேங்க் வேலை இவை எல்லாம் அதில் நன்றாகவே ஓடும். பிரிண்டர், டிவிக்குப் படம் போடுவது, சிசிடிவி, ஆன்லைன் கேம் இவற்றில்தான் இடிக்கும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதன் திரையே 'டபுள் நாட்' என்று எச்சரிக்கை காட்டும். இவற்றில் எதுவும் உங்கள் வீட்டில் இல்லை என்றால் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள், கை வைக்க வேண்டாம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இதில்தான் பலரும் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். செட்டிங் மாற்றுவது அரை மணி நேர வேலை. பாஸ்வேர்டு தேடுவதுதான் நாள்கணக்கில் இழுக்கும்.

இணைப்பின் கடைசி பில், அல்லது வாடிக்கையாளர் எண். கூடவே, இணைப்போடு பதிவாகியிருக்கும் மொபைல் எண் யாருடையது என்று இப்போதே உறுதி செய்யுங்கள். இணைப்பு கொடுத்தவர் அவசரத்தில் தன் எண்ணையே போட்டுவிட்டுப் போயிருப்பார், அல்லது வீட்டில் இப்போது யாரும் பயன்படுத்தாத பழைய எண் இருக்கும். ஓடிபி அந்த எண்ணுக்குப் போனால் அதோடு வேலை நின்றது. எண்ணை மாற்றுவதற்குத் தனியாக அடையாளச் சான்று கேட்பார்கள். அதை முதல் வேலையாக முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பெட்டிகளின் அடியிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். மாடல் பெயர், சீரியல் எண், மேக் முகவரி (பெட்டியை அடையாளம் காட்ட தொழிற்சாலையிலேயே கொடுக்கும் எண்), உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கின்றன. சுவரில் திருகி மாட்டிய மோடம் என்றால் கழற்றிப் பார்க்கத் தயங்க வேண்டாம். மஞ்சள் நிறத்தில் மெல்லிசாக வரும் ஃபைபர் ஒயரை மட்டும் மடக்காதீர்கள், பிடுங்காதீர்கள். அது ஒடிந்தால் ஆள் வந்துதான் ஒட்ட வேண்டும்.

பிபிபிஓஇ என்பது பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு நிறுவனத்தின் லைனில் நுழையும் முறை. உங்கள் லைன் அப்படி இணைகிறது என்றால் அவை இரண்டும் வேண்டும். பிஎஸ்என்எல் ஃபைபரிலும், கேபிள்காரர் வழியாக வரும் பல இணைப்புகளிலும் இந்த முறைதான். மோடத்தின் இன்டர்நெட் பக்கத்தில் பயனர் பெயர் தெரியும், பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பக்கத்தில் விலேன் எண் (ஒரே லைனுக்குள் இன்டர்நெட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும் எண்) என்று ஒன்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எதையும் மாற்றும் முன் இரண்டு பெட்டிகளிலும் உள்ள இன்டர்நெட், லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்), டிஎச்சிபி பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'பேக்கப்' வசதி இருந்தால் அந்தக் கோப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பும் ஒரு நெட்வொர்க் கேபிளும் இருந்தால் நல்லது. மொபைலில் செய்வதானால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் நெட் இல்லாதபோது மொபைல் தானாக டேட்டாவுக்குத் தாவிவிடும். ரவுட்டர் பக்கம் திறக்காது. ரவுட்டர் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

3. எந்தப் பெட்டி தலைமை என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. நிறுவனத்தின் மோடமே தலைமை, உங்கள் ரவுட்டர் வைஃபை மட்டும் வீசட்டும் என்பது ஒன்று. இதற்கு 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று பெயர். நிறுவனத்திடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

மற்றது, மோடத்தை வெறும் ஃபைபர் மாற்றியாக ஆக்கிவிட்டு உங்கள் ரவுட்டரைத் தலைமை ஆக்குவது. இது 'பிரிட்ஜ் மோட்'. குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, சொந்த விபிஎன் என்று உங்கள் ரவுட்டரின் வசதிகள் உங்களுக்குத் தேவை என்றாலோ, நிறுவனத்தின் மோடம் நிறையக் கருவிகள் சேர்ந்தால் திணறுகிறது என்றாலோ இதற்குப் போகலாம். நிறுவனம் ஒத்துழைக்க வேண்டும். சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்வதே இல்லை.

மாடியில் குடித்தனக்காரருக்கும் அதே லைன் போகிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். உள்ளே இருக்கும் ரவுட்டரில் இணைந்தவரால் வெளியே இருக்கும் நெட்வொர்க்கில் உள்ள கருவிகளை எட்ட முடியும். வெளியே இருப்பவரால் உள்ளே எட்ட முடியாது. அதாவது அவருக்கு மாடியில் தனி ரவுட்டர் கொடுத்துவிட்டு நீங்கள் மோடத்தில் இருந்தால், உங்கள் சிசிடிவி பெட்டியும் பிரிண்டரும் அவர் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவருக்கு மோடத்தின் 'கெஸ்ட்' வைஃபையைக் கொடுப்பது நல்லது.

4. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றுதல்

முதலில் ரவுட்டரின் மெனுவில் 'ஆபரேஷன் மோட்' என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ரவுட்டர் ஒரு முறை அணைந்து எழும், வேலை முடிந்தது. பக்கத்திலேயே 'ரிப்பீட்டர்', 'டபிள்யூஐஎஸ்பி' என்றும் இருக்கும்; கேபிள் இழுத்திருக்கும் வீட்டுக்கு அவை வேண்டாம். மாற்றிய பிறகு பழைய முகவரியில் அந்த ரவுட்டரின் பக்கம் திறக்காமல் போகலாம். அது இப்போது மோடத்திடமிருந்து ஒரு முகவரி வாங்கியிருக்கும். மோடத்தில் இணைந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் அது என்ன என்று தெரியும்.

பழைய ரவுட்டர்களில் இந்த மெனு இருக்காது. அவற்றையும் மாற்றலாம், ஆனால் வரிசை தப்பக் கூடாது.

முதலில் மோடத்திலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். லேன் செட்டிங்ஸில் அதன் முகவரியை மாற்றுங்கள். மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். மோடம் 192.168.29.1 என்றால் 192.168.29.2. மோடம் மற்றவர்களுக்கு முகவரி கொடுக்கும் வரம்பு 2-லிருந்தே தொடங்கினால், மோடத்தில் அதை 10-லிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் யாரோ ஒருவருடைய மொபைலுக்கும் அதே 192.168.1.2 போய்விடும்.

சேமித்ததும் ரவுட்டர் எழுந்து வரும். புதிய முகவரியில் மறுபடி நுழைந்து வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். டிஎச்சிபியை அணைப்பது கடைசி வேலை. முன்பே அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, நீங்கள் வெளியே பூட்டப்பட்டுவிடுவீர்கள். அப்படி ஆனாலும் கவலை வேண்டாம். லேப்டாப்பில் கையாலேயே 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று போட்டால் உள்ளே போகலாம் (ரவுட்டருக்கு 192.168.29.2 கொடுத்திருந்தால் 192.168.29.50). வேலை முடிந்ததும் அதைப் பழையபடி 'தானியங்கி'க்கு மாற்ற மறக்காதீர்கள்.

இப்போது மோடத்திலிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் இன்டர்நெட் போர்ட்டில் செருகக் கூடாது. சில பெட்டிகளில் அதை வேன் போர்ட் என்பார்கள். அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது கழன்ற கேபிளை யாராவது உதவியாக அங்கே செருகிவிடுவார்கள்.

வீட்டில் எல்லா மொபைலிலும் வைஃபையை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கும் டிவி, பிரிண்டர் போன்றவற்றை அணைத்து எழுப்புங்கள். அப்புறம் படி 1-ல் செய்த சோதனையை மறுபடி செய்யுங்கள். எல்லோருக்கும் கேட்வே மோடத்தின் முகவரியாக இருக்க வேண்டும்.

இந்தப் படியில் மூன்று பொறிகள் உண்டு. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள்தான் இருக்கலாம். வேகம் கூடும் என்று இரண்டாவது கேபிளும் போட்டால் தகவல் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்து, சில நொடிகளில் வீடு முழுக்க நெட் செத்துவிடும். பல வீட்டு ரவுட்டர்களுக்கு இதைக் கண்டுபிடித்துத் தடுக்கத் தெரியாது.

இரண்டாவது பொறி ரீசெட் பொத்தான். நெட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது ஊசி வைத்து அழுத்தினால் டிஎச்சிபி மறுபடி உயிர்பெற்றுப் பழைய தொல்லை முழுதாகத் திரும்பி வரும். பெட்டியின் மேலேயே 'டிஎச்சிபி ஆஃப், 192.168.1.2, ரீசெட் செய்ய வேண்டாம்' என்று எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது, அடாப்டர். இரண்டு பெட்டிகளின் அடாப்டர் முனையும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று 12 வோல்ட் 1 ஆம்பியர், மற்றது 9 வோல்ட் 0.6 ஆம்பியர் என்று இருந்தால் மாற்றிச் செருகிய பிறகு பெட்டி தானாக அணைந்து எழும், அல்லது பழுதாகும். அடாப்டர் மீதும் பெயர் எழுதுங்கள்.

5. பிரிட்ஜ் மோட் கேட்டு வாங்குதல்

வாடிக்கையாளர் சேவையில் 'ரவுட்டர் மாற்ற வேண்டும்' என்று சொன்னால் புதுப் பெட்டி விற்கப் பார்ப்பார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "என் சொந்த ரவுட்டரில் பிபிபிஓஇ போடப் போகிறேன். உங்கள் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தாருங்கள்." ஃபைபர் மோடத்தை அவர்கள் ஓஎன்டி என்றுதான் சொல்வார்கள். முதலில் போனை எடுப்பவருக்குப் புரியாவிட்டால் டெக்னிகல் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். கேபிள்காரர் வழியாக வந்த இணைப்பு என்றால், கால் சென்டரைவிட அவரை நேரில் பார்ப்பதே விரைவு.

அதே பேச்சில் இவற்றையும் கேட்டுவிடுங்கள்: பிபிபிஓஇ பாஸ்வேர்டு என்ன? விலேன் எண்ணை என் ரவுட்டரில் போட வேண்டுமா, மோடமே பார்த்துக்கொள்ளுமா? மோடத்தின் எந்த போர்ட்டில் பிரிட்ஜ் வரும்? லேண்ட்லைன் போன் மோடத்தில்தான் இணைந்திருக்கிறது, அது தொடர்ந்து வேலை செய்யுமா? லைன் என் பழைய பெட்டியின் மேக் முகவரியோடு பூட்டப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். பூட்டு இருந்தால் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் புதிய ரவுட்டர் இணையாது. அவர்கள் பூட்டை விடுவிக்க வேண்டும், அல்லது உங்கள் ரவுட்டரில் 'மேக் குளோன்' வசதி வழியாகப் பழைய முகவரியைப் போட வேண்டும்.

மாற்றியதும் உடனே இணையவில்லை என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். ஒரு பயனர் பெயரில் ஒரு நேரத்தில் ஓர் இணைப்புதான் அனுமதி. மோடம் பழைய இணைப்பைச் சரியாக முடிக்காமல் விட்டிருந்தால் அது அறுபட நேரம் ஆகும். இணைந்த பிறகு சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ரவுட்டரில் எம்டியு அளவு (ஒரு முறைக்கு அனுப்பும் தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் வழக்கமான 1500 பொருந்தாது.

பிரிட்ஜ் மறுத்துவிட்டார்கள், ஆனாலும் உங்கள் ரவுட்டர்தான் தலைமையாக இருக்க வேண்டும் என்றால் ஒரு மாற்று வழி இருக்கிறது. மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள். டிவி, சிசிடிவி எல்லாவற்றையும் உங்கள் ரவுட்டருக்குள் கொண்டுவாருங்கள். மோடத்தில் உங்கள் ரவுட்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கி, அந்த முகவரியை 'டிஎம்இசட்' பகுதியில் போடுங்கள்; வெளியிலிருந்து வரும் தொடர்புகளை மோடம் அப்படியே உங்கள் ரவுட்டருக்குத் தள்ளிவிடும். டபுள் நாட் இருக்கத்தான் செய்யும், ஆனால் எல்லாக் கருவிகளும் ஒரே பக்கம் இருப்பதால் இடிக்காது. இரண்டு பெட்டிகளின் முகவரி வரிசையும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதை இங்கே மறக்கக் கூடாது.

6. வைஃபை பெயரும் சேனலும்

இரண்டு பெட்டிகளிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள். அப்போதுதான் மாடிப்படி ஏறும்போது மொபைல் தானாகத் தாவும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. கீழே 1 என்றால் மாடியில் 6 அல்லது 11 போடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மாடியில் 149 என்று விலக்கி வைக்கலாம். இரண்டு பெட்டிகளையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

7. கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்

300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு மாடியில் 95-க்கு மேல் வரவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்றுதான். ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம்; விலை குறைந்த மாடல்களில் இன்றும் அப்படித்தான். மோடத்திலும் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. கேபிளை அந்த ஒன்றில் செருகுங்கள். மூன்றாவது, கேபிளின் உள்ளே இருக்கும் எட்டு ஒயர்களில் ஒன்று சரியாகக் கடிபடாமல் இருக்கலாம். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்; நான்கு மட்டும் சேர்ந்தால் 100-தான் கிடைக்கும்.

கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். புதிதாக வாங்கினால் கேட் 6 வாங்குங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'முழுச் செம்பா?' என்பதுதான். செம்பு முலாம் பூசிய அலுமினியம் விலை குறைவு. ஆனால் வளைத்தால் ஒடியும், நாளானால் முனையில் தொடர்பு விடும். கரண்ட் ஒயர் போகும் அதே குழாயில் இதை நுழைக்க வேண்டாம். மொட்டை மாடி வழியாக இழுப்பதானால் வெயில் தாங்கும் வெளிப்புற வகையாக இருக்க வேண்டும். இடி மழை நேரத்தில் அந்த முனையைக் கழற்றி வைப்பதும் நல்லது.

சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடவில்லை என்றால் மெஷ் செட், அதாவது கேபிள் இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபை வீசும் பெட்டிகள், வாங்கலாம். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி வீசுவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். மெஷ் வாங்கினாலும் அதன் முதல் பெட்டி தன்னை ரவுட்டர் என்று நினைத்துக்கொண்டுதான் எழும். அதன் ஆப்பில் போய் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் எட்டாயிரம் ரூபாய் செலவழித்தும் அதே டபுள் நாட்.

8. வெளியூரிலிருந்து சிசிடிவி பார்க்க வேண்டுமென்றால்

எல்லாம் சரிசெய்த பிறகும் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் தொடர்பை ரவுட்டர் உள்ளே உள்ள ஒரு கருவிக்கு அனுப்புவது) வேலை செய்யாமல் போகலாம். தலைமை ரவுட்டரின் இன்டர்நெட் முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறது என்றால் நிறுவனமே தன் பக்கத்தில் ஒரு நாட் வைத்திருக்கிறது என்று பொருள். 10 என்று தொடங்கினாலும் அப்படித்தான். பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். இதை வீட்டுக்குள் இருந்து சரிசெய்ய முடியாது. ரவுட்டரைக் கழற்றி மாட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்ப்பது பெரும்பாலும் இந்த நிலையிலும் வேலை செய்யும். அது போதாது என்றால் நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், அடையாளச் சான்று, சில இடங்களில் காரணம் எழுதிய கடிதம் கேட்பார்கள். வீட்டுத் திட்டத்துக்குத் தர முடியாது, வணிகத் திட்டத்துக்கு மாறுங்கள் என்றும் சொல்லலாம். பணம் கட்டும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

9. செலவும் நேரமும்

ஆக்சஸ் பாயிண்ட் வழிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கேபிள் இழுக்க வேண்டுமென்றால் நல்ல கேட் 6 மீட்டருக்கு ஏறக்குறைய 20 முதல் 40 ரூபாய் வரை. முனையில் போடும் கனெக்டர் சில ரூபாய்தான். இழுத்துக் கடித்துக் கொடுக்க எலக்ட்ரீஷியனைவிட சிசிடிவி மாட்டுபவரைக் கூப்பிடுங்கள், அவரிடம் சோதிக்கும் கருவி இருக்கும். எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். எல்லா போர்ட்டும் கிகாபிட் உள்ள சாதாரண ரவுட்டர் 2,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. கரண்ட் போகும்போது இரண்டு பெட்டியும் ஓட வேண்டுமென்றால் ரவுட்டருக்கான சிறிய யுபிஎஸ் ஒவ்வொன்றுக்கும் தனியாக வேண்டும். மாடியில் மட்டும் வைத்துவிட்டு மோடத்தை விட்டுவிட்டால் வைஃபை சின்னம் இருக்கும், நெட் இருக்காது.

ஆக்சஸ் பாயிண்டாக மாற்றுவது ஒரு மதிய வேலை. பிரிட்ஜ் மோடுக்கு நேரம் உங்கள் கையில் இல்லை. வார நாளில் காலையில் தொடங்குங்கள். சனிக்கிழமை மாலையில் தொடங்கி நடுவில் நின்றுவிட்டால் திங்கள் வரை ஆள் வர மாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு, வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மீட்டிங் இருக்கும் நாளைத் தவிருங்கள். அந்த நேரத்துக்கு ஒரு மொபைலில் ஹாட்ஸ்பாட்டுக்குப் போதுமான டேட்டா இருக்கட்டும்.

10. நிறுவனம் மோடத்தை மாற்றிவிட்டுப் போனால்

இது என்றாவது நடக்கும். இடி விழுந்தோ, திட்டம் மாறியோ புதுப் பெட்டி வரும். அதன் முகவரி வரிசை பழையதிலிருந்து வேறாக இருக்கலாம். ஆக்சஸ் பாயிண்டாக இருக்கும் உங்கள் மாடி ரவுட்டர் தொடர்ந்து வைஃபை வீசும், நெட்டும் வரும். கையால் முகவரி போட்ட ரவுட்டர் என்றால் அதன் பக்கம் மட்டும் பழைய 192.168.1.2-ல் திறக்காது. லேப்டாப்பில் தற்காலிகமாக 192.168.1.50 போட்டு உள்ளே போய், புதிய வரிசைக்கு மாற்றிவிடுங்கள். பிரிண்டருக்கோ சிசிடிவி பெட்டிக்கோ நிலையான முகவரி கொடுத்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். பிரிட்ஜில் இருந்தவர்கள், டெக்னீஷியன் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே புதுப் பெட்டியையும் பிரிட்ஜுக்கு மாற்றச் சொல்லி, உங்கள் ரவுட்டரின் இன்டர்நெட் முகவரி 192.168 என்று தொடங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகு அவரை அனுப்புங்கள்.